யாருடைய இடது

மேல் பித்தான் திறந்திருக்கிறது, அதற்குக் கீழே சட்டையின் வலப்பக்கத் துணி இடப்பக்கத் துணியின்மேல் ஏறிக் கிடக்கிறது, ஒரு பெண்ணின் ரவிக்கையைப்போல, செத்துப்போன ஒரு ஆணின் மார்பில் அது ஏன் அப்படிக் கிடக்க வேண்டும் என்பது டீச்சருக்கு விளங்கவில்லை, விளங்கிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் விளங்கவில்லை, கடையநல்லூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போகிறாள், விரிக்க விரிக்கச் சட்டை மறைந்து வெறும் புள்ளிகள் வருகின்றன, பழைய பத்திரிகைப் படங்கள் எல்லாமே புள்ளிகள்தான், இருட்டு வேண்டிய இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் சின்னப் புள்ளி, தள்ளி நின்று பார்த்தால் முகம், கிட்டே போனால் ஒன்றுமில்லை, இதைத்தான் முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், கண் ஏமாறுவது எப்படி என்று, பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள், டீச்சர் சொன்னா எவ்வளவு நல்லா விளங்குது என்பார்கள், அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் கழுத்துக்குப் பின்னால் சூடாக ஏறுகிறது. பக்கத்து இருக்கையில் இசக்கியப்பன் மடியில் பழப்பையை வைத்துக்கொண்டு, இன்னுமா டீச்சர் அந்தப் பித்தானயே பாக்கிய, விடுங்க, இன்னைக்கு நெய்ச்சோறு, மனசாரச் சாப்பிட்டுட்டு வருவோம், என்கிறார், ஆலங்குளம் தாண்டிவிட்டது, காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கின்றன, தூரத்தில் மலைமேல் சாரல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இசக்கியப்பன் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்ந்தவர், பேர் தேடுறவங்க என்று கைப்பேசியில் ஒரு குழுவை ஆரம்பித்தது அவர்தான், பழைய பத்திரிகைகளில் அடையாளம் தெரியாத பிணம் என்று வந்த அறிவிப்புகளைத் தேடியெடுத்து, அந்த வருஷம் காணாமல் போனவர்களோடு ஒத்துப் பார்த்து, பெயரில்லாமல் போனவர்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது, பேரில்லாமச் செத்தவனுக்கு ஒரு சொட்டு எள்ளுத்தண்ணி கூடக் கெடையாதுல்லா டீச்சர் என்று அவர் கேட்டபோது அவள் உடனே சேர்ந்துவிட்டாள், ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லாமல் இருந்தது, கேள்விகளைத் தேடிப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஒரு மாலைப் பத்திரிகையில் வந்த அறிவிப்பு அது, வேலங்குறிச்சி ரயில் நிலையத்துக்கு அருகே ஆண் பிணம், வயது முப்பத்தைந்து இருக்கும், மாநிறம், இடது கன்னத்தில் மச்சம், இரண்டு பக்கமும் பை வைத்த வெள்ளைச் சட்டை, வேட்டி, தலையில் பலத்த காயம், கொலை என்று சந்தேகம், உரிமை கோரி யாரும் வராததால் தகனம் செய்யப்பட்டது. மேலே அந்தப் படம். அந்தக் காலத்தில் இப்படித்தான் எடுப்பார்கள், பிணத்தின் முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கண்ணிமைகளைத் திறந்துவிட்டு, உயிரோடிருக்கிற ஆளைப் போலப் படமெடுப்பார்கள், அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரியும் என்று, அதனால் அவர் நம்மைப் பார்க்கிறார், எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்ட மாதிரி பார்க்கிறார், அவளுடைய கனவில் ஒருமுறை அவர் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார், பெண்பிள்ளைகளுக்கு நடுவே, சீவிய தலையோடு, அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிவிட்டுப் பார்த்தால் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், எந்தக் கை என்று அவளுக்குத் தெரியவில்லை, கனவில்கூட அது தெரியவில்லை.

முதலில் கண்டது இசக்கியப்பன்தான். டீச்சர், வேட்டியப் பாத்தியளா, என்று போனில் கத்தினார், இடங்கட்டு. அவளுக்கு அது தெரியாது, அவள் வீட்டு ஆண்கள் எல்லாம் பேண்ட், அவர்தான் சொன்னார், நம்ம ஆளுவ வேட்டிக்க வெளித்தலைப்ப வலது இடுப்புல கொண்டாந்து செருகுவோம், துலுக்கமாரு இடது இடுப்புல, காலங்காலமா அப்படித்தான், சந்தையில முதுகப் பாத்துக்கூடச் சொல்லிருவாங்க யாரு யாருன்னு, இந்தாளு இடப்பக்கம் செருகியிருக்கான், இவரு பாய் டீச்சர், அப்புறம் பாருங்க, போலீஸ்காரனுவ எரிச்சுட்டானுவ. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது யோசித்தால் அந்தச் சிலிர்ப்பில் பாதிக்கு மேல் சந்தோஷம், ஒரு கணக்கு விடைக்கு வந்துவிட்ட சந்தோஷம். அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது, அந்த வருஷம் காணாமல் போன முஸ்லிம் ஆண்கள் என்று தேடல் சுருங்கியது, குழுவில் இருந்த ஒருத்தர் கடையநல்லூரில் செய்யதலி என்று ஒருத்தர், லுங்கி வியாபாரம், ஆவணி மாசம் மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை என்றார், அவருடைய படம் ஒன்றும் வந்தது, ஏதோ கல்யாண வீட்டில் கூட்டத்தோடு நிற்கிற படம், மாநிறம், நீள முகம், கன்னத்தில் மச்சம். வலது கன்னத்தில். அறிவிப்போ இடது கன்னம் என்கிறது, ஆனால் அறிவிப்புக்கு மேலே இருக்கிற படத்திலும் மச்சம் வலது கன்னத்தில்தான், குழுவில் எல்லாரும் குழம்பினார்கள், அப்போதுதான் அவள் விளக்கினாள், ஐயோ, எவ்வளவு அழகாக விளக்கினாள், இடது என்றால் யாருடைய இடது, பிணத்தின் இடதா, எதிரே நின்று எழுதிய போலீஸ் ஏட்டையாவின் இடதா, எதிரே நிற்கிறவருக்கு நம் வலது கன்னம் அவருடைய இடப்பக்கம் தெரியும், அவர் தன் இடதை எழுதிவிட்டார், வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து நின்று வலது கையைத் தூக்குங்கள் என்று சொல்லும்போது நான் என் இடது கையைத் தூக்கிக் காட்டுவேன், அப்போதுதான் அவர்களுக்கு நேராகத் தெரியும், இது எல்லா டீச்சருக்கும் பழக்கம், ஏட்டையாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான் என்று எழுதினாள், கை தட்டுகிற படங்களாக வந்து விழுந்தன, ஏட்டையாவை டீச்சர் பெயிலாக்கிட்டாங்க என்று இசக்கியப்பன் எழுதினார்.

அப்புறம் பித்தான். அது ஒருவர் கண்ணிலும் படவில்லை, அவள் கண்ணில் பட்டது, ஆண் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும், வலப்பக்கத்தில் பித்தான் இருக்கும், பெண்கள் உடுப்பில் இது மாறி வரும், படத்தில் மாறி இருந்தது. ஏன் என்று நாலு நாள் யோசித்தாள், செய்யதலிக்குத் தம்பி உண்டா, தம்பி என்ன வேலை என்று கேட்டு அனுப்பினாள், திவான் என்று ஒரு தம்பி, லேடீஸ் டெய்லர் என்று பதில் வந்தபோது அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்றாள், ரவிக்கை தைத்துப் பழகிய கை அண்ணனுக்குச் சட்டை தைத்தாலும் அந்தப் பழக்கத்தில்தான் போகும், வேட்டி ஒரு சாட்சி, மச்சம் ஒரு சாட்சி, பித்தான் ஒரு சாட்சி, ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் ஒரே ஆளைக் காட்டினால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எழுதினாள், இப்போதும் அந்த வரிகள் குழுவில் கிடக்கின்றன, பஸ் தென்காசிக்குள் நுழைகிறது, இசக்கியப்பன் பழப்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, பாய் வீட்டுக்குன்னு வாங்குனது, ஒண்ணு கொறஞ்சா தெரியாது என்று உரிக்கிறார், அவளுக்கு வேண்டாம்.

போன வருஷம் இதே வழியில் வந்தபோது தொண்டையில் ஒரு பெருமை அடைத்துக்கொண்டிருந்தது, துக்கம் சொல்லப் போகிறோம் என்பதால் முகத்தை மட்டும் இறக்கி வைத்திருந்தாள். செய்யதலியின் மனைவி மைமூன்பீவி வாசலிலேயே நின்றிருந்தாள், ஒல்லியான உடம்பு, தலையில் வெள்ளை முக்காடு, வாங்கம்மா வாங்க என்று கூப்பிட்டுப் பாயை விரித்தாள், அவர்கள் படத்தைக் காட்டியதும் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள், அவள் அழவில்லை, படத்தைத் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள், அவங்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு, நாப்பது வருசமாயிட்டுல்லா டீச்சர், மொகத்த நெனச்சு நெனச்சே தேய்ச்சுட்டேன், என்றாள், டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியைக் காட்டி, மச்சத்தைக் காட்டி, பித்தானைக் காட்டி விளக்கினாள், பொறுமையாக, ஒரு மாணவிக்கு விளக்குவதைப்போல. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மைமூன்பீவி ஒன்றுதான் கேட்டாள், இது எந்த மாசம். ஆவணி, ஆவணிக் கடைசி. அப்ப போன அதே மாசம், என்றாள் அவள், அப்ப என்ன விட்டுட்டுப் போகல. அதற்கப்புறம்தான் அழுதாள். ஊரில் சொன்னார்களாம், உன் மாப்பிள்ளை பம்பாயில் வேறு குடும்பம் வைத்து பிள்ளைகுட்டியோடு இருக்கிறார் என்று, பார்த்தவர்களே இருக்கிறார்கள் என்று, எதிர்வீட்டு ஆயிசம்மாள் ஒவ்வொரு பெருநாளைக்கும் புதுச்சேலையைக் காட்டிவிட்டு, ஒனக்கு பம்பாய்லேருந்து பார்சல் வரலியா மைமூனு என்று கேட்பாளாம், நாற்பது வருஷம் அவள் புருஷன் உள்ளவளும் இல்லை, இல்லாதவளும் இல்லை, ஒரு கல்யாண வீட்டில் எங்கே உட்காருவது என்றுகூட அவளுக்குத் தெரிந்ததில்லை, வீட்டுக்கு வருகிற ரயில் பாதையில் யாரோ அடித்துப் போட்ட புருஷனை டீச்சர் கொண்டுவந்து கொடுத்தாள், எரிச்சுட்டாங்களா, என்று பிறகு கேட்டாள், ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது, சூடு தாங்க மாட்டாங்களே, டீயக்கூட ஆத்தோ ஆத்துன்னு ஆத்தித்தான் குடிப்பாங்க, என்று சொல்லிவிட்டு முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வயதில் அவள் புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தா இருந்தாள், நான்கு மாதம் பத்து நாள், வாசல்படி தாண்டாமல், முடித்து வெளியே வந்தபோது ஆயிசம்மாளே வந்து கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சுக்கோ என்றாளாம். டீச்சர் இதையெல்லாம் குழுவில் எழுதினாள், மார்க்கத்துக்கு மாறாக ஒரு மனிதரை எரித்த அலட்சியம் என்று எழுதினாள், எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள், அவள் பழைய மாணவிகள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எங்கள் டீச்சர் என்று போட்டார்கள், அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள்.

போன மாதம் திவான் போன் பண்ணினார், அண்ணன் இறந்த நினைவுக்கு ஓதும் வருஷ ஓதலுக்குக் கூப்பிட. டீச்சர், கட்டாயம் வரணும், மதினி சொல்லிட்டாங்க நீங்க இல்லாம சோறு எறக்கக் கூடாதுன்னு, என்று சொல்லிவிட்டு, ஒரு விசயம், நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், அண்ணன் போம்போது நான் கடையில பித்தான் ஓட்டைக்குக் காஜாதான் எடுத்துக்கிட்டிருந்தேன், முழுச்சட்டை எப்பத் தச்சேன்னு ஞாபகம் வரமாட்டேங்கு, என்றார், அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்த மௌனத்தைக் கேட்டு அவர் பயந்துவிட்டார் போலிருக்கிறது, இல்ல இல்ல தச்சிருப்பேன் டீச்சர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், என்றார். அன்றிலிருந்துதான் இந்தச் சூடு. மூன்று சாட்சிகளில் ஒன்று தள்ளாடுகிறது, அவர் தைக்கவில்லை என்றால் அந்தத் துணி ஏன் அப்படி ஏறிக் கிடக்கிறது, இசக்கியப்பனிடம் சொன்னாள், அவர் பஸ்ஸில் ஏறும்போதுகூடச் சொன்னார், அந்தம்மா நாப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் நிமிந்து நடக்கா, நீங்க ஒரு பித்தானக் கொண்டுபோயி அவ தலையில வச்சுராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவர் சொல்வதில் தப்பில்லை, தப்பில்லாத சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

சாரலில் நனைந்த தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள், நெய்ச்சோற்று மணம் தெருமுனைக்கே வந்து கூப்பிட்டது, ஓதி முடித்திருந்தது, இசக்கியப்பனை ஆண்களோடு பந்தலில் உட்கார வைத்துவிட்டு மைமூன்பீவி டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே நடுவறைக்குக் கூட்டிப்போனாள், பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், இவங்கதான், இவங்கதான் என்று ஒரு சொல் சுற்றி வந்தது, ஆயிசம்மாள் தட்டை வைத்துக்கொண்டே, எங்க எல்லாரு வாயையும் அடைச்சுட்டீங்களே டீச்சர், இனிமே நான் யாரத்தான் பேச, என்றாள், ஒனக்கு ஆளா கிடைக்காது, ஒம் மருமவ இருக்காள்லா, என்றாள் மைமூன்பீவி, எல்லாரும் சிரித்தார்கள், மைமூன்பீவியும் சிரித்தாள், அவள் சிரித்து டீச்சர் பார்ப்பது இதுதான் முதல் தடவை, முன்பல் ஒன்று இல்லை, சிறுபிள்ளைபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பந்தலில் திவான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, அன்னைக்கு நல்ல மழ கேட்டியளா, கடையில ஆளில்ல, நான்தான் தச்சேன், அண்ணன் போட்டுப் பாத்துட்டு, ஏல இது என்னல பொம்பளச் சட்ட மாதிரி தச்சிருக்கேன்னு காதத் திருகுனாங்க, ஆனா போகும்போது அதத்தான் போட்டுட்டுப் போனாங்க, கடைசியில என் சட்டையோடதான் மவுத்தானாங்க. மூக்கை உறிஞ்சினார், கேட்டவர்கள் ச்சு கொட்டினார்கள். போன மாதம் இல்லாத மழை, இல்லாத காதுதிருகல், இல்லாத சட்டை, எல்லாம் இப்போது இருக்கின்றன, பொய் சொல்லவில்லை அவர், உண்மையாகவே அழுகிறார், அவள் ஒரு விதையை ஊன்றிவிட்டு வந்தாள், அது அவருக்குள் மரமாகிவிட்டது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மழையையே அவள் அந்த மனிதருக்குள் பெய்ய வைத்திருக்கிறாள்.

பரிமாறும்போது தால்ச்சா கொட்டிவிட்டது என்று திவான் உள்ளே வந்தார், நீங்க இருங்க டீச்சர் இருங்க, என்று சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த வேறு சட்டையை எடுத்து, பனியனுக்கு மேல் மாட்டிக்கொண்டு, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பித்தான் போட்டார், அவருடைய முதுகு இந்தப் பக்கம், மார்பு கண்ணாடிக்குள், டீச்சர் சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்குள் இருந்த திவான் வலப்பக்கத் துணியை இடப்பக்கத் துணியின்மேல் இழுத்துவிட்டார், ரவிக்கையைப்போல. வேட்டித் தலைப்பு கண்ணாடிக்குள் வலது இடுப்பில் இருந்தது, நம்ம ஆளுவ மாதிரி. அவர் திரும்பினார், சட்டை ஆண்சட்டையானது, வேட்டி இடங்கட்டானது, என்ன டீச்சர், சோறு ஆறுது சாப்பிடுங்க, என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் கை தட்டில் அப்படியே இருந்தது. இடவல மாற்றம், எட்டாம் வகுப்பு, ஒளியியல், ஒவ்வொரு வருஷமும் ஆடி முடிவதற்குள் நடத்தி முடித்துவிடுவாள், ஆம்புலன்ஸின் நெற்றியில் எழுத்தை ஏன் திருப்பி எழுதியிருக்கிறது என்று கேட்டு ஆரம்பிப்பாள். அச்சும் ஒரு கண்ணாடிதான், ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தால் தெரியும், அதில் எழுத்து திரும்பியிருந்தால்தான் தாளில் நேராக விழும், அந்தக் காலத்துப் பத்திரிகையில் படத்துக்குத் துத்தநாகத் தகட்டில் அச்சு செய்வார்கள், அதிலும் படத்தை ஒருமுறை திருப்பி வைத்துத்தான் செய்ய வேண்டும், அவசரத்தில் திருப்ப மறந்தால் தாளில் படம் இடவலம் மாறி விழும், படத்தில் ஒரு பெயர்ப்பலகையோ எழுத்தோ இருந்தால் உடனே தெரிந்துவிடும், ஒரு வெள்ளைச் சுவரும் அதில் சாய்ந்த மனிதரும் மட்டும் என்றால் யாருக்குத் தெரியும், ஒரு பக்கம் மட்டும் சட்டைப்பை இருந்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும், இரண்டு பக்கமும் பை.

அப்படியானால் பித்தான் மாறியது அதனால். வேட்டி மாறியது அதனால். மச்சம் மாறியது அதனால், ஏட்டையா சரியாகத்தான் எழுதியிருக்கிறார், பிணத்தின் இடது கன்னத்தை இடது கன்னம் என்றே எழுதியிருக்கிறார், அந்த மனிதரைப் பரீட்சையில் பெயிலாக்கி ஊரே சிரித்தது, எரித்தவர்களும் கண்ணெதிரே கிடந்த வலங்கட்டைப் பார்த்துத்தான் எரித்திருக்கிறார்கள், மூன்று சாட்சிகள் இல்லை, ஒரே ஒரு சாட்சி, அதுவும் தலைகீழாகப் பேசிய சாட்சி, ஒரே தவறு மூன்று உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து நின்றது, அவள் மூவரையும் தனித்தனியே வரவேற்றாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கதவு திறந்துதான் இருந்தது, அவள்தான் ஓடிப்போய் ஒரு விளக்கத்தை வைத்துச் சாத்தினாள், விளங்காததை விளங்காமல் விட்டுவைக்க அவளுக்குத் தெரியவில்லை, அது ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. இப்போது எழுந்து போய்விடலாம், தலைவலி என்று சொல்லலாம், இசக்கியப்பன் சந்தோஷப்படுவார், மைமூன்பீவி இன்னும் எத்தனை வருஷம் இருப்பாள், இருக்கிற வருஷத்துக்கு நிமிர்ந்து நடந்துவிட்டுப் போகட்டும், ஆயிசம்மாளின் வாய் மூடியே இருக்கட்டும், என்று நினைக்கும்போதே கடைசி பெஞ்சில் அந்த ஆள் சீவிய தலையோடு கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரையும் எங்கேயோ ஒருத்தி விட்டுட்டுப் போயிட்டான் என்று கேட்டுக் கேட்டுத் தலைகுனிந்திருப்பாள், அந்த ஆளின் சாவைத் தூக்கி டீச்சர் வேறு வீட்டில் கொடுத்துவிட்டாள், இவர்கள் அதற்குச் சோறாக்கிப் போடுகிறார்கள்.

தட்டுகளை எடுத்தாயிற்று, மைமூன்பீவி எல்லாப் பெண்களுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் ஒருக்கா சொல்லுங்க டீச்சர், எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு, நான் சொன்னா இவளுகளுக்கு வெளங்கல, நீங்க சொன்னா நல்லா வெளங்கும், என்றாள். டீச்சர் எழுந்தாள். பழக்கத்தில் எழுந்துவிட்டாள், எல்லா முகங்களும் மேலே பார்த்தன, வகுப்பைப்போல, போன வருஷம் நான் கொடுத்த அந்தப் படம் எங்க இருக்கு, என்று கேட்டாள், வீட்டில் உருவப்படம் மாட்டுவதில்லை என்பதால் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தாள் மைமூன்பீவி, எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள், டீச்சர் அதை வாங்கிக்கொண்டு சொல்லத் தொடங்காமல் பீரோக் கண்ணாடியையே பார்ப்பதைப் பார்த்துவிட்டாள், என்னம்மா செய்யுது, மேலுக்கு முடியலையா, தண்ணி குடிக்கீங்களா. இல்லை. வாசலில் இசக்கியப்பன் எட்டிப் பார்த்தார், டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாயிட்டு, என்றார், அவருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார், அவருக்குப் பின்னால் திவான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரையும் உள்ளே வரச் சொல்லுங்க, என்றாள் டீச்சர், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதைச் சொல்லணும், காட்டுனாத்தான் விளங்கும்.

மைமூன்பீவியைப் பீரோவுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள், படத்தைக் கண்ணாடிக்கு எதிராகப் பிடித்தாள், இத பாக்காதீங்க, உள்ள பாருங்க, என்றாள், கண்ணாடிக்குள் ஒரு மனிதர் முதல்தடவையாகத் தன் சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இடப்பக்கத் துணி மேலே, வேட்டித் தலைப்பு வலது இடுப்பில், மச்சம் இடது கன்னத்தில், தலை வகிடுகூட வேறு பக்கம், முகமே வேறு முகம். திவான் பார்த்தார், தன் சட்டையின் பித்தானைத் தொட்டார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார், அப்ப நான், என்று ஆரம்பித்து, அப்ப அந்தச் சட்ட, என்று நிறுத்தி, அண்ணன் காதத் திருகுனாங்களே டீச்சர், என்றார், கேட்பதுபோல, அவளிடம் அதைத் திருப்பிக் கேட்பதுபோல. அவள் அவரைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தாள், அது நான் சொன்னதால வந்த ஞாபகம், உங்க மேல தப்பு இல்ல, என்றாள். ஆயிசம்மாள் மெல்ல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒன்றும் சொல்லாமையை மைமூன்பீவி கேட்டாள், கேட்டுவிட்டு நிமிர்ந்தே நின்றாள், கண்ணாடிக்குள் இருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள், இது அவங்க இல்ல, என்றாள், இப்ப நல்லாத் தெரியுது, இது அவங்க இல்ல. அப்புறம் யாரையும் பார்க்காமல், அப்ப அவங்கள எரிக்கல, என்றாள், அந்தச் சொல்லுக்கு அவள் முகம் ஒருகணம் வெளுத்து மலர்ந்தது, உடனே அடுத்த சொல் வந்துவிட்டது, அப்ப விட்டுட்டுத்தான் போயிருக்காங்களோ என்னமோ. அது எனக்குத் தெரியாது, என்றாள் டீச்சர், தெரியாது என்ற சொல் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. பிறவு என்னதான் தெரியும், சுருக்கமாச் சொல்லுங்க, இவளுக எல்லாரும் கேக்கட்டும், என்றாள் மைமூன்பீவி, கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல். டீச்சர் சொன்னாள், பத்திரிகையில படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கு, அதனாலதான் பித்தானும் வேட்டியும் மச்சமும் மாறித் தெரிஞ்சுது, கண்ணாடியில தெரியறவர்தான் செத்தவர், அவர் உங்க மாப்பிள்ளை இல்ல, அவர் யாருன்னு இன்னும் யாருக்கும் தெரியாது.